நூல் மில் அகஸ்டினாவும் குருசுக்குப்பத்துக் கருமணலும்

புதுச்சேரி குருசுக்குப்பத்துக் கரையில் கருமணல் எல்லா நாளும் கிடக்காது. பார்த்தே ஆகவேண்டும் என்று மூட்டை கட்டிக்கொண்டு வந்தால் ஏமாந்துதான் திரும்பவேண்டும். ஐப்பசியிலோ கார்த்திகையிலோ ஒரு புயல் வந்து கரையைக் கடித்துவிட்டுப் போகவேண்டும். மேலே கிடக்கும் லேசான மணலை அலை வாரிக்கொண்டு போய், அடியில் இருக்கும் கனத்த கருப்பை அப்படியே விட்டுவைக்கவேண்டும். அப்படி வாய்த்த வருஷத்தில் மார்கழிக் காலை வெயில் பட்டால் தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவியது போல அந்தக் கரை மினுமினுக்கும். விடுமுறைக்கு வருகிறவர்கள் பார்க்கவேண்டிய இடந்தான், அதில் மாற்றுப் பேச்சே இல்லை. ஆனால் அந்த இடத்தை மனிதர் வந்து பார்க்கும்படி ஒரே ஒரு நாள் காலையில் ஆக்கிக் காட்டியவள் நெல்லித்தோப்பு அகஸ்டினா. முதலில் அவளைப் பற்றித்தான் சொல்லவேண்டும்.

அகஸ்டினா நூல் மில்லில் ரீலிங்கில், நூலைச் சிட்டமாகச் சுற்றும் பிரிவில், வேலை பார்த்தவள். நின்றபடியே வேலை. காலையில் சங்கு ஊதினால் உள்ளே, மறுபடி ஊதினால் வெளியே. பதின்மூன்று வயதில் தாயைப் பறிகொடுத்தாள். அப்போது தம்பி லூர்துநாதனுக்கு நான்கு வயது. அப்பா பிரெஞ்சுக்காரர் காலத்துச் சிப்பாய். சாராயக்கடைக்கு ஒரு காலும் வீட்டுக்கு ஒரு காலுமாக இருந்துவிட்டு அவரும் போய்ச்சேர்ந்தார். தம்பிக்குச் சோறு ஊட்டியது, பேன் பார்த்தது, கோயில் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது, அவன் ஓடி வந்தபோதெல்லாம் காதைத் திருகி மறுபடி கொண்டுபோய் விட்டது எல்லாம் இவள்தான். இவளைப் பெண் கேட்டு இரண்டு இடம் வந்தது. தம்பியையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன் என்றாள். வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். மூன்றாவதாக ஒருவரும் வரவில்லை. அதற்காக அவள் ஒரு நாளும் முகம் வாடினதில்லை.

அப்பா விட்டுப்போன சிப்பாய்க் காகிதத்தைக் காட்டி லூர்து அறுபத்தாறாம் வருஷம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தான். அவர்கள் அவனை எங்கெங்கோ சுற்றவிட்டுக் கடைசியில் ரெயூனியன் தீவில் கொண்டுபோய் இறக்கினார்கள். ஆப்பிரிக்காவுக்கு இந்தப் பக்கம், கடலுக்கு நடுவே. நூறு வருஷத்துக்கு முன் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன நம் ஜனங்களின் பிள்ளைகள் அங்கே நிறைய உண்டு. பேச்சு மட்டும் தமிழில்லை. அப்படி ஒரு குடும்பத்தில் ஜோஸ்லீன் என்ற பெண்ணைக் கட்டினான். ஒரு பெண்குழந்தை பிறந்தது. மிரெய் என்று பெயர் வைத்தார்கள்.

ஒருமுறை அங்கிருந்து கடற்கரைப் படம் போட்ட கார்டு ஒன்று வந்தது. கரை முழுக்கக் கன்னங்கரேலென்று இருந்தது. அகஸ்டினா அதைப் பார்த்துப் பதறிவிட்டாள். அடுத்த வீட்டு அந்தோணியை உட்காரவைத்துப் பதில் எழுதச் சொன்னாள்: "ஊரு ஏன் எரிஞ்சி கெடக்குது? சாம்பல்ல துணி காயப் போட்டா வெளுக்குமா? புள்ளைக்கு மூச்சு முட்டாதா?" லூர்து மறுகடிதத்தில் சிரிக்கச் சிரிக்க எழுதியிருந்தான். நெருப்பு கக்கும் மலை ஒன்று அங்கே இருக்கிறதாம். அது கக்கிய கல் பொடிந்து பொடிந்து மணலாயிற்றாம். வெள்ளைக்காரர்கள் விமானம் பிடித்து வந்து அதில் துணியில்லாமல் படுத்துக் கிடக்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமையானால் மிரெய் அவனைப் படுக்கவைத்துக் காலைக் கருப்பு மணலில் புதைத்துவிடுகிறாளாம். அந்தக் கடைசி வரியை மட்டும் அந்தோணியிடம் மூன்று தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள் அகஸ்டினா.

எழுபத்தொன்பதாம் வருஷம், ஜனவரி மாதம் மூன்றாம் தேதி, பதின்மூன்று வருஷம் கழித்து லூர்து வக்கான்ஸுக்கு வந்தான். விடுமுறை என்பதை அந்த வீடுகளில் அப்படித்தான் சொல்வார்கள். மனைவி, ஏழு வயது மகள், நான்கு பெட்டி. அகஸ்டினா இருபத்திரண்டு வருஷத்தில் முதல்தடவையாக மில்லில் பதினைந்து நாள் லீவு எழுதிக் கொடுத்தாள். மேஸ்திரி உடம்புக்கு என்ன என்று கேட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை, எனக்கும் வக்கான்ஸ் என்றாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தப் பிள்ளை ஒரு தரம், ஒரே ஒரு தரம், தானாக வந்து தன் கையைப் பிடிக்கவேண்டும். பிறந்ததிலிருந்து தூக்காத பிள்ளை. பேச்சுத்தான் தெரியாது, கைக்கு என்ன பாஷை என்று நினைத்திருந்தாள்.

பிள்ளை பிடி கொடுக்கவில்லை. வந்த அன்றே தலைக்கு எண்ணெய் வைக்கிறேன் என்று அகஸ்டினா உட்கார்ந்தாள். ஜோஸ்லீன் கண்ணால் வேண்டாம் என்றாள். அகஸ்டினா அதைப் பார்க்காததுபோல எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றினாள். மிரெய் போட்ட கூச்சலில் அந்தோணி வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அதற்குப்பிறகு இவள் எழுந்தால் அது உட்காரும், இவள் உள்ளே வந்தால் அது வெளியே போகும். வடகம் தாளித்த மீன்குழம்பு, தேங்காய்ப்பால் கறி, ஆட்டுக்கால் ரசம், எதுவும் தொடவில்லை. நீட்டு ரொட்டியும் வாழைப்பழமும்தான் ஆகாரம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அகஸ்டினா கஞ்சி போட்ட புடவையைக் கட்டிக்கொண்டு எல்லாரையும் பீச்சுக்கு அழைத்துப் போனாள். அவள் செய்த பெரிய தப்பு அதுதான். புதுச்சேரிக்காரர்களுக்குப் பீச் என்றால் ரோடு. சாயங்காலம் சட்டைமாற்றிக்கொண்டு அந்த ரோட்டில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பது, மதில்மேல் உட்கார்ந்து கடலை கொறிப்பது, காற்று வாங்கி வீடு திரும்புவது. மதிலுக்குக் கீழே அலை தடுக்கக் கொட்டின பாறைதான். கடற்கரை என்றால் மணல் வேண்டும் என்று அகஸ்டினாவுக்கு நாற்பத்திரண்டு வயதுவரை தோன்றியதே இல்லை. மிரெய் மதிலை எட்டிப் பிடித்துக் கீழே பார்த்தாள். மறுபக்கம் திரும்பி ரோட்டைப் பார்த்தாள். அப்பாவிடம் ஏதோ கேட்டாள்.

"இன்னாடா கேக்குது?" என்றாள் அகஸ்டினா.

லூர்து தயங்கினான். "கடற்கரை எங்க இருக்குதுன்னு கேக்கறாக்கா."

அன்றைக்குத் திரும்பி வரும்போது பிள்ளை ரிக்‌ஷாவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது. சத்தமில்லாமல் அழுதது. அதுதான் அகஸ்டினாவுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் லூர்து சொன்னான்: "யக்கா, கோச்சிக்காத. பாப்பா சாப்பிட மாட்றா, தூங்க மாட்றா. வெள்ளிக்கெழம கார் சொல்லிட்டேன். பெங்களூர்ல ஜோஸ்லீனுக்குத் தெரிஞ்சவங்க பங்களா இருக்குது. மிச்ச நாள அங்க இருந்துட்டு அப்பிடியே பிளேன் ஏறிடறோம்."

"எனக்கு இன்னும் ஒம்போது நாள் லீவு இருக்குதுடா."

"நீ ரெஸ்ட் எடுக்கா."

"ரெஸ்டா? அத எந்தப் பக்கம் பாத்து எடுக்கறது?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். இவள் எழுந்துபோய் அரிசி களைந்தாள். ஏற்கெனவே களைந்த அரிசிதான்.

செவ்வாய்க்கிழமை காலையில் மீன்கூடையோடு கமலவேணி வந்தாள். குருசுக்குப்பத்துக்காரி, இருபது வருஷமாக அகஸ்டினா வீட்டு வாசலில் கூடை இறக்கினால்தான் அவளுக்கு அன்றைக்கு வியாபாரம் தொடங்கும். அகஸ்டினா நடந்ததைச் சொன்னாள். கமலவேணி கூடையின் மேல்துணியை விலக்கினவள் அப்படியே நிறுத்தினாள்.

"கருமணலுக்காடி அழுவுது அந்தப் புள்ள? எங்க ஊட்டு வாசல்ல கெடக்குதே."

"நெசமாவா?"

"கார்த்திகைப் புயலு மேல் மணல வாரிக்கினு போச்சி. கால்ல ஒட்டுதுன்னு நாங்க திட்டிக்கினு கெடக்கறோம். நீ அதுக்குப் போயி அழுவறே."

"அப்ப நாளைக்கே இட்டுக்கினு வரேன்."

"வா, வா. வந்து அவங்களப் பாரு." கமலவேணி குரலைத் தாழ்த்தினாள். "எங்க ஆம்பளைங்க காலையில ஒதுங்கற எடமே அதாண்டி."

"சாயங்காலம் வரட்டா?"

"சாயங்காலமும் அதேதான். நடுவுல வந்தீன்னா பாதம் வெந்துடும். கருப்பு மணலு, அடுப்பு மாதிரி காயும். அதுவும் எத்தினி நாளைக்குக் கெடக்கும்னு சொல்ல முடியாது. கடல் பொரண்டுச்சின்னா ஒரே ராத்திரியில மூடிப்புடும்."

அகஸ்டினா மீன் வாங்கவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கமலவேணியோடே குப்பத்துக்கு நடந்தாள்.

குப்பத்து நாட்டார் காத்தவராயன் கரையில் உட்கார்ந்து வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னதுதான் அங்கே சட்டம். சுற்றி ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வடக்கே, கமலவேணி சொன்னபடி, கருமணல் நீளமாகக் கிடந்தது. அதன் நிலைமையும் கமலவேணி சொன்னபடிதான் இருந்தது.

"இன்னாம்மா, மீனா?" என்றார் காத்தவராயன்.

"மீன் இல்லண்ணே. நாளைக்கு ஒரு நாளு காலையில உங்க ஆம்பளைங்க அந்தக் கருமணல் பக்கம் போவக் கூடாது."

அவர் ஊசியை நிறுத்தினார். "எதுக்குப் போவக் கூடாது?"

"எதுக்குப் போவாங்களோ அதுக்குத்தான்."

உட்கார்ந்திருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அகஸ்டினா சிரிக்கவில்லை. தம்பி வந்ததிலிருந்து பிள்ளை ரிக்‌ஷாவில் அழுததுவரை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"எல்லாம் சரிம்மா. ஊர்ல அறுவது ஆம்பள. அறுவது பேரும் உன் தம்பி பொண்ணுக்காக அடக்கிக்கினு நிக்கணுமா?"

"நிக்க வேணாம். தெக்கால ஓடைப் பக்கம் போங்க."

"ஓடைக்கு அந்தாண்ட அடுத்த குப்பத்துக்காரன் எல்ல. போன வருசம் எங்க ஆளு ஒருத்தன் தெரியாத்தனமா அங்க குந்திட்டான். மூணு நாளு பஞ்சாயத்து நடந்துச்சி."

"அப்ப இந்தாண்ட குந்துங்க."

"எடம் பத்தாதுக்கா" என்றான் ஒருவன்.

"மொற வச்சிக்கினு போங்கப்பா. எங்க மில்லுல முன்னூறு பொம்பளைங்க, ரெண்டு கக்கூசு. இருபத்திரண்டு வருசமா மொற வச்சித்தான் போறோம். எங்களுக்குப் பத்துது, உங்களுக்குப் பத்தாதா?"

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. காத்தவராயன் மறுபடி ஊசியை ஓட்டினார். அகஸ்டினா கவிழ்த்திருந்த கட்டுமரத்தின்மேல் உட்கார்ந்தாள். அவர் ஒரு முழம் கிழிசலை முடித்தார். அவள் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது முழத்தையும் முடித்துவிட்டுப் பார்த்தார்; வெயில் தலைக்கு வந்தும் அவள் உட்கார்ந்தபடியே இருந்தாள்.

"கரைவலைக்கு ரெண்டு ஆளு கொறச்சல்" என்றார் கடைசியில். "காய்ச்சல்ல கெடக்கறானுங்க. உன் தம்பி பட்டாளத்தான்தான? வந்து கயித்தப் புடிச்சி இழுக்கச் சொல்லு. ஊரச் சொல்லி நான் ஓடைக்கு அனுப்பறேன்."

"இழுப்பான்" என்றாள் அகஸ்டினா. தம்பியைக் கேட்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

வீட்டுக்கு வந்து, "நாளைக்கு வலை இழுக்கப் போறே, வாக்குக் குடுத்துட்டேன்" என்றாள்.

"எங்கக்கா?"

"குருசுக்குப்பத்துல."

"அந்தக் கரையில காலையில இன்னா நடக்கும்னு தெரியுமா உனக்கு?"

"நாளைக்கு நடக்காது."

புதன்கிழமை, விடிந்து வெளிச்சம் நன்றாக வந்தபிறகு இரண்டு ரிக்‌ஷாவில் போய் இறங்கினார்கள். அகஸ்டினாவே ஒரு நிமிஷம் நின்றுவிட்டாள். குப்பத்துப் பெண்கள் கரையைப் பெருக்கியிருந்தார்கள். கடற்கரையைப் பெருக்கின கதை எங்கேயாவது உண்டா? ஈர்க்குமாற்றின் வரிகள் கருமணலில் சீப்பு ஓடினதுபோலத் தெரிந்தன. பெருக்கினவர்களுக்கு அதோடு நிறுத்த மனம் வரவில்லை. மார்கழி மாதம், கருப்புத் தரை, கையில் கோலமாவு. கமலவேணி பதினைந்து புள்ளியில் ஒரு தாமரையைப் போட்டு வைத்திருந்தாள். கருப்பில் அந்த வெள்ளை சுண்ணாம்பைவிட வெளுப்பாக இருந்தது. வாழ்நாளில் எத்தனையோ கோலம் போட்டிருக்கிறாள், இப்படி ஒன்று விழுந்ததில்லை என்று அவளே சொல்லிக்கொண்டாள். பழக்கதோஷத்தில் தெய்வசிகாமணி என்ற கிழவர் மட்டும் லுங்கியைத் தூக்கிக்கொண்டு வடக்குப் பார்த்து வந்தார். இரண்டு பெண்கள் அவர் தோளைப் பிடித்துத் தெற்குப் பார்த்துத் திருப்பிவிட்டார்கள்.

மிரெய் செருப்பைக் கழற்றினாள். கோலத்தைச் சுற்றிக்கொண்டு போய்க் குந்தி உட்கார்ந்தாள். ஒரு பிடி அள்ளினாள், முகர்ந்தாள், விரலிடுக்கில் ஒழுகவிட்டாள். பிறகு அகஸ்டினாவை நேராகப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னாள். வந்த ஏழு நாளில் அவளைப் பார்த்துப் பேசிய முதல் பேச்சு.

"இன்னாடா சொல்லுது?"

லூர்துவுக்குச் சங்கடமாகிவிட்டது. "அவங்க ஊர் மணல்தான் இன்னும் கருப்பாம். இது கொஞ்சம் மட்டமாம்."

"அப்பிடித்தான் சொல்லணும். அவ ஊரு மணலு அவளுக்குப் பெருசு." அகஸ்டினாவுக்குச் சந்தோஷம் முகத்தில் கொள்ளவில்லை. மட்டம் என்று சொல்வதற்காவது தன்னைப் பார்த்ததே.

அவளும் மணலில் உட்கார்ந்து காலை நீட்டினாள். இருபத்திரண்டு வருஷம் நின்ற கால். நரம்பு சுருட்டிக்கொண்டு, குதிகால் வெடித்துக் கிடந்தது. மிரெய் சற்றுநேரம் அந்தப் பாதங்களையே பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் மணலை வாரி அவற்றின்மேல் போட்டாள். ஈரமணல், கனம். போட்டுப் போட்டு மேலே தட்டினாள். முழங்கால்வரைக்கும் மூடியபிறகு விரலை நிமிர்த்தி, ஆடக் கூடாது என்று காட்டினாள். அகஸ்டினா ஆடவில்லை. மூச்சுக்கூட மெதுவாகத்தான் விட்டாள்.

வலை இழுக்கக் கூப்பிட்டார்கள். லூர்து கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு போனான். பட்டாளத்து உடம்புதான், ஆனால் பத்து இழுப்பில் உள்ளங்கை பழுத்துவிட்டது. ஜோஸ்லீன் சிரித்துக்கொண்டே போய் அவனுக்குப் பின்னால் பிடித்தாள். மிரெய் ஓடிப்போய் அம்மாவுக்கு முன்னால் நின்று கயிற்றில் கைவைத்தாள். வலை கரையேறி மீன் பங்கு பிரிக்கும்போது காத்தவராயன் நெத்திலியை இரண்டு கை நிறைய அள்ளிப் பிள்ளையின் கவுன் மடியில் போட்டார். கயிற்றைத் தொட்ட கைக்குப் பங்கு என்பது அந்தக் கரையில் வழக்கம். பெரிய கை சின்னக் கை என்று பார்க்கமாட்டார்கள். அவள் அதை வீடுவரைக்கும் ஒருவரிடமும் கொடுக்கவில்லை. அகஸ்டினா வறுத்தாள். மிரெய் தன் பங்கைத் தலையோடு தின்றாள். மற்றவர்களுக்கு எண்ணி எண்ணி வைத்தாள்.

ஆனால் கையைப் பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமைக் காரும் சொன்னது சொன்னபடிதான் இருந்தது.

வியாழக்கிழமை விடியலில் கமலவேணி கூடையில்லாமல் ஓடி வந்தாள். "ராத்திரி கடல் பொரண்டுச்சிடி. எல்லாத்தையும் மூடிடுச்சி. கோலமும் இல்ல, கருப்பும் இல்ல, வெறும் மணலுதான்." அவள் சொல்லி முடிப்பதற்குள் மிரெய் எழுந்துவந்து வாசலில் நின்றாள். செருப்பைப் போட்டுக்கொண்டு தயாராக இருந்தாள். லூர்துவும் ஜோஸ்லீனும் இன்னும் தூக்கத்தில் இருந்தார்கள்.

அவர்களை எழுப்பிப் பிள்ளையிடம் சொல்லச் சொல்லியிருக்கலாம். அகஸ்டினா எழுப்பவில்லை. போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று பிள்ளையை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அது துணிச்சலா, வீம்பா, அவளுக்கே தெரியாது.

கரை மற்ற கரைகளைப்போலப் பழுப்பாகக் கிடந்தது. மிரெய் நின்றாள். வடக்கே பார்த்தாள், காலால் கொஞ்சம் கிளறிப் பார்த்தாள். அகஸ்டினா கடலைக் காட்டினாள், கையை விரித்தாள். பிள்ளை கடலைப் பார்த்தது. அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தது. அழப்போகிறது என்று அகஸ்டினா நினைத்தாள். மிரெய் அவளுடைய சுண்டுவிரலையும் மோதிர விரலையும் சேர்த்துப் பிடித்து வலைக்கயிறு இருந்த பக்கம் இழுத்துக்கொண்டு நடந்தாள்.

இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். காத்தவராயன் இடம் காட்டினார். பிள்ளை மூன்றாவது ஆள், அதற்குப் பின்னால் அகஸ்டினா.

வீட்டில் லூர்து வாசலில் நின்றுகொண்டிருந்தான். மகள் அவனிடம் மூச்சுவிடாமல் பேசினாள். கேட்டுவிட்டு அவன் அக்காவைப் பார்த்தான்.

"நாளைக்கும் போவணுமாம். கயித்துல மூணாவது எடம் அவளோடதாம். அவ வரலன்னா வலை லேட்டாயிடும்னு சொல்றா."

"ஆமா, ஆயிடும்" என்றாள் அகஸ்டினா. "நெத்திலி சீசன் வேற."

பிறகு எண்பத்திரண்டிலும் எண்பத்தாறிலும் அவர்கள் வந்தார்கள். அந்த இரண்டு வருஷமும் கருமணல் வரவில்லை. மிரெய் அதைக் கேட்கவும் இல்லை. வளர்ந்துவிட்டாள், கயிற்றில் முதல் ஆளாக நின்றாள். அகஸ்டினா மில்லில் இருந்து நின்ற பின்னும் கார்த்திகைப் புயல் அடித்தால் குப்பத்துக்குப் போய் ஒரு நடை பார்த்துவிட்டு வருவாள். ஆனால் அதெல்லாம் பின்னால்.

அந்த வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கார் வந்தது. வீடு பூட்டியிருந்தது. டிரைவர் ஆரன் அடித்துப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டில் கேட்டார். எல்லாரும் மீன் பிடிக்கப் போயிருக்கிறார்கள் என்றான் அந்தோணி. எப்போது வருவார்கள் என்று கேட்டதற்கு, வலையில் என்ன விழுகிறது என்பதைப் பொறுத்து என்றான். டிரைவர் அந்தோணி வீட்டில் ஒரு காபி குடித்துவிட்டு, காலி வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்பிப் போனார்.